கடை திறக்குமுன் கற்ற பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வகுப்பின் சார்பில் எழுதியது)

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. இக்காலத்திலோ சுவரும் வேண்டாம், தாளும் வேண்டாம். கணிப்பொறித் திரையிலேயே சித்திரம் எழுதி, அதை இணையக் கடையில் விற்கவும் செய்யலாம். வாங்குபவர் பணம் செலுத்தியவுடன் படம் ஒரு கோப்பாக அவரைச் சென்றடைகிறது. அவர் அதைத் தம் வீட்டிலோ தெருமுனை ஜெராக்ஸ் கடையிலோ அச்சிட்டுக்கொள்கிறார். வாழ்த்து அட்டை, நாட்காட்டி, படிப்பு அட்டவணை, கோலத் தாள், சிறுவர் வண்ணம் தீட்டும் படம், ஜாம் பாட்டிலின்மேல் ஒட்டும் சீட்டு ஆகிய யாவும் இம்முறையில் விற்கப்படுகின்றன.

இத்தகைய கடை ஒன்றை நடத்துவது எங்ஙனம் என்பதை இவ்வாண்டு எங்கள் வகுப்பு செய்முறைப் பாடமாகக் கற்றது. கற்றவற்றையும், கற்கும்போது நாங்கள் செய்த தவறுகளையும் எம் பள்ளித் தங்கையருக்கும் பெற்றோருக்கும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணம் பிறந்த விதம்

எங்கள் ஊருக்கு விற்பனை புதிதன்று. ஏப்ரல், மே மாதங்களில் சீசன் வந்துவிட்டால் ஏரிக் கரையிலும் தூண் பாறையிலும் சுற்றுலாப் பயணிகள் நிறைந்துவிடுவர். வீட்டில் செய்த சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், பிளம்ஸ், பேரிக்காய், மலைப்பூண்டு என்று பைகள் நிறைய வாங்கிச் செல்வர். ஆனால் சீசன் முடிந்து மழையும் மூடுபனியும் வந்ததும் கடைத்தெரு அடங்கிவிடும். பத்தலகுண்டுப் பாதையில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ பஸ்ஸும் பார்சலும் நின்றுவிடும்.

"பஸ் ஏறாமலே மலையிறங்கக் கூடிய சரக்கு எது?" என்று கணிப்பொறி வகுப்பில் அருட்சகோதரி எங்களிடம் வினவினார்கள். நாங்கள் விழித்தோம். "கோப்பு!" என்று அவர்களே விடையும் கூறினார்கள். அன்று தொடங்கியது எங்கள் ஆவல். பெற்றோர் தின விழாவில் படங்களை அச்சிட்டு விற்றுப் பார்ப்பது, கிடைக்கும் பணத்தைப் பள்ளியின் ஏழை மாணவியர் உதவி நிதிக்குக் கொடுப்பது, பின்பு இணையக் கடை திறப்பது என்று முடிவு செய்தோம். ஒரே வாரத்தில் பன்னிரண்டு படங்கள் ஆயத்தமாயின. பன்னிரண்டும் மிக அழகு என்று எங்களை நாங்களே பாராட்டிக்கொண்டோம்.

கோப்பும் புள்ளியும்

முதற் பாடத்தை அச்சகத்தில் கற்றோம். திரையில் பளிச்சென்று இருந்த தூண் பாறைப் படம், தாளில் கம்பளிப் போர்வையைப் போல் சொரசொரத்துத் தெரிந்தது. காரணம் யாது?

திரையில் காணும் படம் நுண்ணிய சதுரப் புள்ளிகளால் ஆனது. இவற்றைப் பிக்ஸல் என்பர். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். ஏ4 தாள் என்பது 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. ஆகவே அத்தாளை நிரப்பும் படத்திற்கு ஏறத்தாழ 2,480 புள்ளி அகலமும் 3,508 புள்ளி உயரமும் தேவை. எங்கள் படத்தின் அகலமோ வெறும் 800 புள்ளிகள். அதை ஏ4 தாளுக்குப் பெரிதாக்கினால் அங்குலத்திற்கு 97 புள்ளிகள்தாம் கிடைக்கும். படம் சிதையாமல் என்ன செய்யும்?

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு எங்கள் மலையிலேயே உள்ளது. 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வு நிலையத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வந்துள்ளனர். கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிம்களிலும் இருந்த அப்படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றினர். அப்போது ஒவ்வொரு சூரியப் படமும் 4,096 புள்ளி அகலமும் 4,096 புள்ளி உயரமும் கொண்டதாகப் பதிவு செய்யப்பட்டது. சூரியனில் உள்ள சிறு கரும்புள்ளியும் விடுபடக் கூடாதன்றோ! முதலில் பதிவாகாத நுணுக்கத்தைப் பின்னால் பெரிதாக்கிப் பெற முடியாது என்பதை இதிலிருந்து உணர்ந்தோம்.

கோலம் போன்ற கோட்டுப் படங்களுக்கு வேறு வழியும் உண்டு. புள்ளிகளாக அன்றி, 'இங்கிருந்து இதுவரை இவ்வாறு வளைந்த கோடு' என்ற கணக்காகவே படத்தைச் சேமிக்கலாம். எஸ்.வி.ஜி. என்பது அத்தகைய கோப்பு வகை. அதைத் தபால் தலை அளவிலும் அச்சிடலாம், வாசல் அளவிலும் அச்சிடலாம், கோடு சிதையாது. 'இங்க்ஸ்கேப்' என்ற இலவச மென்பொருளில் இவ்வாறு வரையக் கற்றோம்.

திரையின் நீலமும் மையின் நீலமும்

இரண்டாம் பாடம் வண்ணத்தைப் பற்றியது. குறிஞ்சிப் பூவுக்குத் திரையில் நாங்கள் தீட்டிய ஊதா கலந்த நீலம் கண்ணைப் பறித்தது. அச்சிட்டால் அதே நிறம் பலமுறை துவைத்த தாவணி போல் மங்கிவிட்டது. அச்சகத்தாரைக் குறை கூறப் புறப்பட்டோம். அவர்களோ சிரித்துக்கொண்டு விளக்கினார்கள்.

திரை, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ வான்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளைக் கலக்கிறது. ஒளியில் காணும் எல்லா நிறமும் மையில் கிடைப்பதில்லை. அதிலும் ஒளிரும் ஊதாவும் நீலமும் மிகவும் மங்கும். எனவே விற்குமுன் ஒவ்வொரு படத்தையும் தாளில் அச்சிட்டுப் பார்த்தே தீர வேண்டும். வாங்குபவர் அச்சிடப் போவது அவர் வீட்டுச் சிறிய இயந்திரத்தில். ஆதலால் அதிலும் நன்றாக வரும் நிறங்களையே தேர்ந்தெடுப்பது நலம். வாழ்த்து அட்டைக்கு எத்தகைய கனமான தாள் வேண்டும் என்பதையும் கோப்புடன் ஒரு குறிப்பாக எழுதி அனுப்புதல் வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் அடித்தால் அட்டை நிமிர்ந்து நிற்காது.

தமிழ் எழுத்து பட்ட பாடு

'கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்' என்று அழகாக எழுதி அனுப்பிய அட்டை, தோழி ஒருத்தியின் வீட்டுக் கணிப்பொறியில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறிக் காட்சியளித்தது. நாங்கள் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணிப்பொறியில் இல்லாததே காரணம். எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பதித்தோ, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றியோ பி.டி.எஃப். கோப்பாக அனுப்பினால் இத்தொல்லை இல்லை.

எழுத்துருவுக்கும் உரிமையாளர் உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தோம். இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள் பல, சொந்த உபயோகத்திற்கு மட்டுமே இலவசம். விற்கும் பொருளில் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்ற சில எழுத்துருக்களோ விற்பனைக்கும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்துடன் வருகின்றன. நாங்கள் அதையே எடுத்துக்கொண்டோம்.

யாருடைய படம்?

இதுவரை கூறியவை யாவும் கைத்திறம் பற்றியவை. இனிக் கூறப் போவதே எங்களைத் தலைகுனிய வைத்த பாடம்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் அருட்சகோதரி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "ஒவ்வொரு படத்துக்கும் பிறப்புச் சான்று எழுதுங்கள். வரைந்தவர் யார், எதைப் பார்த்து வரைந்தார், எந்த நாளில் வரைந்தார்?" என்றார்கள். எளிய வேலை என்று எண்ணி அமர்ந்தோம். எழுத எழுத எங்கள் முகம் வாடியது.

இரண்டு படங்களில் இருந்தவை தொலைக்காட்சிக் கார்ட்டூன் பாத்திரங்கள். ஒன்றில் புதிய சினிமாப் பாட்டின் அடி. இரண்டு, யாரோ எடுத்த புகைப்படங்களின் மேல் அப்படியே கோடிழுத்தவை. தூண் பாறைப் படம் அவற்றுள் ஒன்று. இரண்டு, வடிவமைப்புச் செயலி ஒன்றில் ஆயத்தமாகக் கிடைத்த படங்கள். நாங்கள் நிறத்தை மட்டும் மாற்றியிருந்தோம். இன்னொன்று, செயற்கை நுண்ணறிவிடம் 'குறிஞ்சிப் பூ' என்று கேட்டு வாங்கியது. ஆக எட்டுப் படங்களுக்குப் பிறப்புச் சான்று இல்லை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதைதான் எங்கள் கதை.

இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் இயற்றப்பட்டது. அதன்படி ஓர் ஓவியத்தின் உரிமை, அதை வரைந்தவரின் வாழ்நாள் முழுவதும் அவருக்கு உண்டு. அவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவர் வாரிசுகளுக்கு உண்டு. இணையத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் ஒரு படம் பொதுச்சொத்து ஆகிவிடாது. வாசலில் காயும் துணி நம் கண்ணில் பட்டால் நம் துணி ஆகுமா? உண்மையாகவே பொதுச்சொத்தானவையும் உண்டு. மகாகவி பாரதியாரின் படைப்புகளின் உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. ஆதலால் பாரதியின் வரியை அட்டையில் அச்சிடத் தடையில்லை. நேற்று வெளிவந்த சினிமாப் பாட்டுக்கு அது பொருந்தாது.

ஒரு முறை வரைந்த படத்தை எண்ணற்ற வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் தொழில் நம் நாட்டில் நூறாண்டைத் தாண்டியது. ஓவியர் ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை அச்சிட்டார். நம் தமிழ்நாட்டில் கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி வீடுதோறும் சென்றன. அன்று படத்தைப் பெருக்கக் கல்லும் மையும் இயந்திரமும் வேண்டியிருந்தன. இன்று விரலால் ஒரு தட்டுத் தட்டினால் நகல் பிறக்கிறது, செலவு ஒன்றுமில்லை. அப்படியானால் வாங்குபவர் எதற்குப் பணம் தருகிறார்? நகலுக்கு அன்று. முதன்முதல் அதைக் கண்டு வரைந்த கண்ணுக்கும் கைக்குமே தருகிறார். அந்தக் கண்ணும் கையும் நம்முடையவை அல்ல எனில், நாம் வாங்கும் பணம் யாருடையது? களவு கூடாது என்னும் ஏழாம் கட்டளையைச் சிறு வயது முதல் மனப்பாடமாகச் சொல்லும் நாங்கள், கோப்புக்கும் அது பொருந்தும் என்று எண்ணியதில்லை.

இயந்திரம் தந்த குறிஞ்சிப் பூவைப் பற்றியும் கூற வேண்டும். அதில் ஒவ்வொரு பூவுக்கும் ஆறு இதழ்கள் இருந்தன. குறிஞ்சியோ மணி போன்ற பூ. அதன் விளிம்பு ஐந்தாகப் பிரிந்திருக்கும். 1936-ல் கட்டப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கே இப்பூவின் பெயர்தான். இந்த ஊர்ப் பிள்ளைகளான நாங்கள் எண்ணிப் பார்க்காமலே அந்தப் படத்தை விற்கத் துணிந்தோம்! 12 ஆண்டுக்கு ஒரு முறை மலரும் குறிஞ்சி 2018-ல் மலர்ந்தபோது நாங்கள் மூன்றாம் வகுப்புச் சிறுமியர். இனி அது 2030-ல் மலரும்.

செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில் வாழ்ந்த இயேசு சபைக் குரு லூயி ஆங்கிலேட் அடிகளார் இம்மலையின் செடிகொடிகளை நேரில் கண்டு நீர்வண்ணத்தில் தீட்டினார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினா உலர்தாவரக் கூடத்தை நிறுவிய கே. எம். மத்தேயு அடிகளார் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999-ல் மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்டார். அதற்கு முன்பே 1996-ல் கோட்டோவியங்களைத் தனி நூலாக்கினார். செடியைக் காணாமல் இவர்கள் கோடு இழுத்ததில்லை. இவர்கள் நடந்த மலையில் வாழும் நாங்கள் ஆறிதழ்க் குறிஞ்சியை விற்பதா?

பெயர் விடுபட்ட தோழி

எஞ்சிய நான்கு படங்களுக்கும் சான்று எழுதினோம். இழைக் கோலம் ஒன்று, பூத்த பிளம்ஸ் கிளை, பூண்டுக் கட்டு, சிறிய குறிஞ்சிக் கொத்து. நான்கையும் வரைந்தவள் ஒருத்தியே. மேல்மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் வகுப்புத் தோழி. அவள் பென்சிலால் வரைந்து கொடுத்தாள். நாங்கள் கணிப்பொறியில் ஏற்றி வண்ணம் தீட்டினோம்.

அருட்சகோதரி எங்கள் கடைக் குழுவின் பட்டியலைக் கையில் எடுத்தார்கள். தலைவி, பொருளாளர், விளம்பரப் பொறுப்பு என்று ஒன்பது பெயர்கள். மெல்லக் கேட்டார்கள்: "வரைந்தவள் பெயர் எங்கே?"

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அவளிடம் செல்போன் இல்லை. வீட்டில் கணிப்பொறி இல்லை. ஆகவே 'குழுவில் அவளுக்கு என்ன வேலை?' என்று நாங்கள் எண்ணிவிட்டோம். பிறர் படத்தை எடுத்தது ஒரு தவறு எனில், பக்கத்தில் இருப்பவளின் பெயரை மறந்தது அதனினும் பெரிய தவறு. அவளோ கோபிக்கவில்லை. "கோலம் என் அப்பத்தா போடுறது. அதுக்கு என் பேரை மட்டும் போடாதீங்க" என்றாள். குறிஞ்சியை எதைப் பார்த்து வரைந்தாய் என்று கேட்டோம். 2018-ல் உதிர்ந்து கிடந்த பூவை அவள் அப்பத்தா எடுத்து ஜெபப் புத்தகத்தினுள் வைத்திருந்தாராம். நிறம் போய்விட்டது, வடிவம் போகவில்லை. ஐந்து பிரிவையும் எண்ணிப் பார்த்தே வரைந்தாளாம்.

அன்றே எட்டுப் படங்களையும் அழித்தோம். புதிய விதிகள் எழுதினோம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் வரைந்தவர் பெயர் இருக்கும். செலவு போக மிஞ்சுவதில் பாதி வரைந்தவருக்கு; பாதி உதவி நிதிக்கு. மரபுக் கோலத்திற்கு யாரும் தனி உரிமை கொண்டாடக் கூடாது. யார் கற்பித்தார் என்று எழுதினால் போதும். பூண்டுப் படத்திற்கும் ஒரு விதி செய்தோம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. வேறு ஊர்ப் பூண்டின் பையில் அப்பெயரை ஒட்டுவது சட்டப்படி தவறு. ஆகவே அப்படத்தை வாழ்த்து அட்டையாக மட்டும் விற்பது, ஊர்ப் பெயர் பொறித்த சீட்டாக விற்பதில்லை என்று தீர்மானித்தோம்.

கடையின் கணக்கு

பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆதலால் இணையச் சந்தையில் கணக்குத் தொடங்கவும் பணம் பெறவும் பெற்றோர் ஒருவர் முன்வர வேண்டும். கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் அவர் கையிலேயே இருக்க வேண்டும். தங்கையர் இதை மறவாதிருப்பாராக.

கைவினைப் பொருள்களுக்கும் இத்தகைய கோப்புகளுக்கும் உலக அளவில் பெயர் பெற்ற சந்தை 'எட்ஸி'. இது 2005-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட் கட்டணம். ஒவ்வொரு முறை விற்கும்போதும் அப்பட்டியலைப் புதுப்பிக்க மீண்டும் 20 சென்ட். விற்பனைத் தொகையில் 6.5 விழுக்காடு வேறு. இவ்விகிதம் 2022-ல் ஏற்பட்டது. ஒரு படத்தை 50 சென்ட்டுக்கு விற்றால் கட்டணமே 23 சென்ட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறையப் பாதி! நான்கு படங்களை ஒரு தொகுதியாக்கி 2 டாலருக்கு விற்றால் கட்டணம் 33 சென்ட். மீதி 1 டாலர் 67 சென்ட். பணத்தைக் கைமாற்றித் தரும் கட்டணம் இதிலும் கொஞ்சம் குறைக்கும். எனவே தொகுதியாக விற்பதே இலாபம். உள்ளூரில் தெரிந்தவர்களுக்கு விற்பதானால், 2016-ல் வந்த யூ.பி.ஐ. வழியே பெற்றோர் கணக்கில் பணம் பெற்றுக்கொண்டு கோப்பை அனுப்பிவிடலாம்.

பெற்றோர் தினத்தன்று நான்கு அட்டைகள் கொண்ட தொகுதியை 60 ரூபாய்க்கு விற்றோம். 41 தொகுதிகள் விற்றன. வரவு 2,460 ரூபாய். அச்சுக்கும் தாளுக்கும் 980 ரூபாய். மிச்சம் 1,480 ரூபாய். அதில் 740 ரூபாயை உதவி நிதியில் சேர்த்தோம். மற்ற 740 ரூபாயை எங்கள் தோழியின் தாயார் விழாவுக்கு வந்திருந்தபோது அவர் கையில் கொடுத்தோம். அவர் பணத்தை எண்ணவில்லை. அட்டையின் அடியில் அச்சாகியிருந்த மகளின் பெயரைத்தான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பாகவும் ஒன்று விற்றது. எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை துபாயில் பணிபுரிகிறார். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றிருந்த ஒரு மாலையில் அவருக்குக் கோப்பை அனுப்பினோம். மறுநாட் காலையில் அவர் அறைச் சுவரில் பிளம்ஸ் கிளை பூத்திருக்கும் புகைப்படம் வந்து சேர்ந்தது.

முடிவுரை

அரசுப் பொதுத் தேர்வு முடிந்ததும் தோழி ஒருத்தியின் தாயார் பெயரில் இணையக் கடையைத் திறக்க உள்ளோம். அதில் இப்போதைக்கு நான்கு படங்களே இருக்கும். நான்குக்கும் பிறப்புச் சான்று உண்டு. குழுவின் பட்டியலில் இப்பொழுது பத்துப் பெயர்கள், முதற்பெயர் வரைந்தவளுடையது.

அன்புத் தங்கையரே! நீங்களும் இத்தகைய கடை ஒன்று திறக்க விரும்பினால் கணிப்பொறியை முடுக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யார் வரைந்தது, எதைப் பார்த்து வரைந்தது என்று முதலில் எழுதுங்கள். புள்ளிக் கணக்கும் மையின் கணக்கும் பிறகு தாமே வரும். உங்களுக்குப் பயன்பட வேண்டும் என்று எங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் வைத்திருக்கிறோம். அழித்த எட்டுப் படங்களின் பெயர்களும் அதில் உள்ளன.